மரத்துக்கு மரம் நடந்த வீடு

அசியாங் என்பவள் கரையில் குடியிருந்தது மொத்தமே பதினோரு மாதம். அந்தப் பதினோரு மாதத்தைப் பற்றி சான் இரெனியோ ஊர்க்காரர்கள் பதினாறு வருஷம் பேசிச் சிரித்தார்கள்.

அனஸ்தாசியா மன்ஹிமனான் என்று பெயர். அத்தனை நீளமாக யாரும் கூப்பிட்டதில்லை, அசியாங்தான். அகுசான் சதுப்பின் நடுவில் திகாவ் ஏரி. அந்த ஏரியில் மிதக்கும் முப்பது மனோபோ பழங்குடி வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். அங்கே வீடு என்றால் பெரிய மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய தெப்பம், மேலே மூங்கில் தளம், அதற்கு மேலே தகரக் கூரை. தெப்பத்தைப் பங்கால் மரத்தில் வளையமாகக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். மழையில் தண்ணீர் ஏறினால் வளையம் மரத்தில் ஏறும், கூடவே வீடும் ஏறும். கோடையில் இரண்டும் இறங்கும். ஆடாத தரையில் எப்படித் தூங்குவது என்று இருபத்திரண்டு வயதுவரை அவள் யோசிக்க வேண்டி வரவில்லை.

யோசிக்க வைத்தவன் கிரிஸ்போ. ஆற்றங்கரை ஊரான சான் இரெனியோவில் அவன் அம்மா போனிங் மளிகைக் கடை வைத்திருந்தாள். அந்தக் கடைக்கு விரால் கருவாடு வாங்க அவன் ஏரிக்கு வந்தான். மூன்றாவது தடவை வந்தவன் கருவாட்டை மறந்துவிட்டுப் போனான். நான்காவது தடவை அசியாங்கின் அப்பாவிடம் பேச ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கல்யாணம் முடிந்து அவள் கரைக்குப் போனாள்.

போனிங்கின் அப்பாவும் அம்மாவும் போஹோல் தீவிலிருந்து வந்து காட்டை வெட்டி வயலாக்கினவர்கள். அவர்கள் மூங்கில் தரையில் படுத்தார்கள். போனிங் காலத்தில்தான் அந்த வீட்டுக்குச் சிமெண்டுத் தரை வந்தது. அதற்குச் சிவப்பு மெழுகு பூசி, பாதித் தேங்காய் மட்டையைக் காலடியில் வைத்து மிதித்துத் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். மருமகள் வந்த அன்றே மட்டையை அவள் காலடியில் தள்ளிவிட்டாள். அசியாங் தேய்த்தாள். வேலைக்கு அவள் சுணங்குகிறவள் இல்லை. அவளால் முடியாமல் போனது வேறு.

நவம்பரில் முதல் பெருமழை பிடித்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் சோற்றைக் கையில் வைத்திருக்க, அசியாங் மட்டும் எழுந்து போய், கொடிக்கயிற்றை அவிழ்த்துத் திரித்து, வீட்டின் முன்தூணையும் பலாமரத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கை தானாகச் செய்த வேலை அது. எதிர்வீட்டுக்காரன் சன்னலில் நின்று கத்தினான்; இளம்பெண்களை அங்கே 'இண்டாய்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏம்மா இண்டாய், வீடென்ன மாடா? அவுத்துக்கிட்டு ஓடிடுமா?"

தெருவே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்குக் 'கயிறு' என்று பெயர். கடைக்கு வருகிற சின்னப் பிள்ளைகள்கூட, "கயிறு அக்கா, ரெண்டு சோப்பு" என்றார்கள்.

அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்காமல் போனது ஊர்த் திருவிழா அன்று. பன்றியை முழுசாகச் சுட்டு மேசையில் வைத்திருந்தார்கள். ஊர்த்தலைவரை எல்லோரும் கபிதான் என்பார்கள், அவருடைய மனைவி அசியாங்கைப் பார்த்து, "பொண்ணு எந்த ஊரு?" என்று கேட்டாள். அசியாங் வாயைத் திறப்பதற்குள் போனிங் முந்திக்கொண்டாள்.

"அதை ஏன் கேக்கறீங்க. அவங்க வீட்டுக்கு விலாசமே கிடையாது. இன்னைக்கு ஒரு மரம், நாளைக்கு ஒரு மரம். தண்ணி எங்க தள்ளுதோ அங்க."

"மரத்துக்குப் பேரு இருக்குதும்மா," என்றாள் அசியாங். "எல்லா மரத்துக்கும் இருக்கு. உங்க தெருவுக்குத்தான் இன்னும் யாரும் பேரு வெக்கலை."

கபிதானின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். போனிங் மூன்று நாள் மருமகளோடு பேசவில்லை. நான்காம் நாள் அசியாங் தன் துணியை மூட்டை கட்டினாள்.

"எனக்கு யார் மேலயும் கோவமில்ல," என்றாள் கிரிஸ்போவிடம். "ஆனா இந்தத் தரை மேல படுத்தா செத்த பொணம் மாதிரி இருக்கு. நான் போறேன். வர்றதுன்னா வா."

அவன் மூன்று நாள் யோசித்தான். பிறகு ஒரு மூட்டை அரிசி, ஒரு சேவல், ஒரு லாரி டயர் டியூப் ஆகியவற்றோடு ஏரிக்கு வந்து சேர்ந்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது. ஏரி மொத்தமும் படகுகளில் வந்து வேடிக்கை பார்த்தது. கிரிஸ்போ காற்றடைத்த டியூபை இடுப்பில் மாட்டிக்கொண்டுதான் முதல் ஆறு மாதம் வீட்டுக்குள்ளேயே நடமாடினான். அசியாங்கின் சித்தப்பா கேட்டார்: "மாப்பிள்ளே, தூங்கும்போதாவது அதைக் கழட்டுவியா?"

"உங்க பொண்ணு கழட்ட விடமாட்டேங்குறா மாமா. ராத்திரி நான் உருண்டா அவதானே தண்ணியில குதிக்கணும்?"

இந்த மாதிரி பதில் சொல்லத் தெரிந்ததால் அவன் அங்கே நிலைத்தான்.

அசியாங் தன் வீட்டைத் தானே கட்டினாள். பதினான்கு கட்டைகள். ஒவ்வொன்றையும் ஏரிக்குள் மிதக்கவிட்டு, மேலே ஏறி நின்று, காலால் உருட்டிப் பார்த்துத்தான் எடுத்தாள். எந்தக் கட்டை எந்தப் பக்கம் சாயும், எது நாலு வருஷத்தில் தண்ணீர் குடித்துக் கனக்கும் என்றெல்லாம் அவள் சொன்னால் சொன்னதுதான். கட்டையின் இடுக்குகளில் மூங்கில் கட்டுகளைத் திணித்தாள். பிரம்பால் இறுக்கினாள். வருஷத்துக்கு இரண்டு முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு தெப்பத்துக்கு அடியில் போய்க் கையால் தடவிப் பார்ப்பாள். ஏரியில் வேறு யாராவது வீடு கட்டினாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். மிதக்கும் பள்ளிக்கூடத்தின் தெப்பம் பழுதான வருஷம், நாற்பது பிள்ளைகளும் வாத்தியாரும் அவள் வீட்டு முன்கூடத்தில்தான் மூன்று மாதம் பாடம் படித்தார்கள். வீடு ஒரு விரல்கூடச் சாயவில்லை.

இரண்டு பெண்கள் பிறந்தார்கள். பேத்திகளைப் பார்க்க போனிங் ஆசைப்பட்டாள். அதற்காக ஏரிக்கு வரத் தயாரில்லை. "தண்ணி மேல நிக்கிற வீட்டுல நான் கால் வெக்கமாட்டேன்" என்று ஊர் கேட்கச் சொல்லியிருந்தாள். பிள்ளைகள்தான் கரைக்குப் போய் வந்தார்கள். போகும்போது அசியாங் விரால் கருவாடு கொடுத்தனுப்புவாள். வரும்போது போனிங் பிஸ்கட்டும் சோப்பும் கொடுத்தனுப்புவாள். பதினாறு வருஷம் இப்படியே ஓடியது.

அந்த ஜனவரியில் மழை ஒன்பது நாள் நிற்கவில்லை. ஏரியும் ஆறும் ஒன்றாகிவிட்டன. திகாவ் ஏரியில் வீடுகள் பங்கால் மரங்களின் உச்சிக் கிளைவரை ஏறிவிட்டன; கயிற்றை அவிழ்த்து இன்னும் உயரமான மரங்களுக்கு மாற்றிக் கட்டினார்கள். மற்றபடி அடுப்பு எரிந்தது, மீன் கிடைத்தது, பன்றிகள் தங்கள் சின்னத் தெப்பத்தில் உறுமிக்கொண்டிருந்தன. மனோபோக்களுக்கு அது பெரிய மழை, அவ்வளவுதான்.

பத்தாம் நாள் காலையில் ஆகாயத்தாமரைக் கூட்டத்தோடு பொருட்கள் மிதந்து வர ஆரம்பித்தன. பன்றித் தொட்டி. ஒரு கதவு. ஒரு நீளப் பெஞ்சு. பெஞ்சைக் கழியால் இழுத்துப் பார்த்த கிரிஸ்போ அப்படியே உட்கார்ந்துவிட்டான். சான் இரெனியோ தேவாலயத்துப் பெஞ்சு அது. முதுகுப் பலகையில் அவன் அப்பாவின் பெயர் செதுக்கியிருந்தது. அவர் கொடுத்த பெஞ்சு.

"தேவாலயம் மேட்டுல இருக்கு," என்றான். "அதுக்குள்ளயே தண்ணி வந்துடுச்சுன்னா..."

"எழுந்திரு," என்றாள் அசியாங்.

"படகுகளை எடுத்துக்கிட்டுப் போய் எல்லாரையும் ஏத்திடலாம்."

"ஒரு படகுக்கு ஆறு பேரு. ஏத்தி எங்க இறக்குவ? ரோடு இருக்கா, மேடு இருக்கா? இங்க கொண்டுவர ரெண்டு மணி நேரம், திரும்பிப் போக ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள மிச்சப் பேரு என்ன ஆவாங்க?"

"அப்ப என்னதான் செய்யறது?"

"வீட்டை எடுத்துக்கிட்டுப் போவோம்."

ஏரித் தலைவர் மகுவாய் வந்தார்; தலைவரை அங்கே தாத்து என்பார்கள். வயசானவர், அவசரப்படாதவர். "அசியாங், ஏரிக்குள்ள வீட்டை நகர்த்தறது வேற. அங்க ஆத்து இழுப்பு. நம்மகிட்ட இருக்கிற மூணு மோட்டாரும் சேர்ந்து இழுத்தாலும், உன் வீட்டை ஆறு கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துடும்."

"ஆத்துல போகமாட்டேன் தாத்து. வயலுக்கு மேல போவேன். தென்னை இருக்கு, ரப்பர் தோட்டம் இருக்கு, செம்பனை இருக்கு. மரத்தைப் புடிச்சுப் புடிச்சே போயிடுவேன்."

"வீடு உடைஞ்சு போச்சுன்னா?"

"வேற கட்டிக்குவேன். கட்டத் தெரியும்ல?"

கிழவர் குனிந்து தெப்பத்தின் மூலைக் கட்டையைத் தட்டிப் பார்த்தார். பிறகு வெற்றிலை பாக்கும் ஒரு கை அரிசியும் வாங்கித் தண்ணீரில் போட்டு, ஏரிக்கு உடைய ஆவிகளிடமும் முதலைகளிடமும் வழி கேட்டுவிட்டு, "நானும் வர்றேன்" என்று ஏறி உட்கார்ந்தார்.

பன்றித் தெப்பத்தைக் கழற்றி அடுத்த வீட்டில் கட்டினார்கள். வீட்டுப் பின்கட்டில் கட்டியிருந்த இரண்டு பன்றிகளை மட்டும், அவிழ்க்க நேரமில்லாமல், அங்கேயே விட்டுவிட்டார்கள். ஏரியில் இருந்த கயிறெல்லாம் அசியாங்கின் வீட்டுக்கு வந்தது. பதினெட்டுப் பேர் ஏறினார்கள். மூத்த மகள் ஜினாலினுக்குப் பதினான்கு வயது. மோட்டார் படகு ஒன்றை அவளிடம் கொடுத்தார்கள்.

வீடு நடந்தது இப்படித்தான்: ஜினாலின் முன்னால் போய் ஒரு தென்னையில் கயிற்றைக் கட்டுவாள். வீட்டில் இருக்கிறவர்கள் அதைப் பிடித்து இழுப்பார்கள். வீடு அந்த மரத்தருகே போனதும் அங்கே கட்டுவார்கள். அதன் பிறகுதான் பின்னாலிருக்கும் கயிற்றை அவிழ்க்கலாம். முன்கயிறு பிடிக்காமல் பின்கயிற்றில் கை வைக்கக் கூடாது. இதை அசியாங் புறப்படும்போது ஒரு தடவைதான் சொன்னாள். தென்னையிலிருந்து தென்னைக்கு, தென்னையிலிருந்து ரப்பருக்கு. கீழே நெல் வயல் எங்கேயோ மூழ்கிக் கிடந்தது. கொண்டை மட்டும் தெரிந்த செம்பனைகளில் பாம்புகள் சுருண்டிருந்தன. அசியாங் கூரைமேல் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக் கை காட்டினாள். கைத்தோல் உரிந்தவர்கள் துணியைச் சுற்றிக்கொண்டு இழுத்தார்கள்.

மோசமான இடம் நெடுஞ்சாலை. சாலை மேட்டைத் தாண்டித் தண்ணீர் அணைமேல் வழிகிற மாதிரி இரைந்து விழுந்துகொண்டிருந்தது. நடுவில் வந்தபோது முன்கயிறு அறுந்தது. வீடு திரும்பிக் கிரீச்சிட்டது. ஒரு மூலைக் கட்டை பிதுங்கி வெளியே வந்தது. பின்கயிறு விறைத்து நின்றதால் வீடு நின்றது. ஜினாலினின் படகை நீர் அடித்து அப்பால் தள்ளியிருந்தது. முப்பது முழத்தில் ஒரு சிமெண்டு மின்கம்பம் தலை நீட்டிக்கொண்டிருந்தது. மின்சாரம் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

நீந்தத் தெரிந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த இழுப்பில் நீச்சல் உதவாது என்று அவர்களுக்குத் தெரியும். கிரிஸ்போ உள்ளே போய், பழைய டியூபை மாட்டிக்கொண்டு வந்தான்.

"ஏய், உனக்கு நீச்சலே வராது!" என்று கூரையிலிருந்து அலறினாள் அசியாங்.

"நீந்தப் போறேன்னு யாரு சொன்னா? மிதக்கப் போறேன். இங்கிருந்து கயிறை விட்டுக்கிட்டே இருங்க, தண்ணியே என்னைக் கம்பத்துல கொண்டுபோய்ச் சேர்க்கும்."

இடுப்பில் ஒரு கயிறும் கையில் ஒரு கயிறுமாகக் குதித்தான். தண்ணீர் அவனைச் சுழற்றிக் கம்பத்தில் மோதியது. மார்போடு கம்பத்தை அணைத்துக்கொண்டு, பல்லால் பிடித்து முடிச்சுப் போட்டான். அசியாங் கற்றுக்கொடுத்த முடிச்சு. இழுங்கள் என்று கையை ஆட்டினான். இழுத்தார்கள். வீடு சாலையைத் தாண்டியது. அவனைத் தூக்கி ஏற்றியபோது அசியாங் முதலில் அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள், பிறகு அங்கேயே கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

பிற்பகல் மூன்று மணி அளவில் சான் இரெனியோ தெரிந்தது. தெரிந்தது என்றால் தேவாலயக் கூரையும் மணிக்கூண்டும், மரங்களின் தலைகள், பள்ளிக்கூடக் கூரை, போனிங் கடையின் மொட்டை மாடி, இவ்வளவுதான். கூரைமேல் இருந்தவர்கள் தகரத்தைத் தட்டிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வீடு ஒன்று, அடுப்புப் புகையோடு, தென்னைகளுக்கு நடுவே தங்களை நோக்கி வருவதைப் பார்த்ததும் கூச்சல் அப்படியே நின்றுவிட்டது. ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள்.

போனிங் மாடியில் குடை பிடித்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் உறை போட்ட டெலிவிஷன். மகன் மேலே ஏறிப்போய்க் கூப்பிட்டான். அவள் எழுந்து வந்து மாடி விளிம்பில் நின்று தெப்பத்தைப் பார்த்தாள்.

"இது தாங்குமா?"

"உங்க மகனைப் பதினாறு வருஷமாத் தாங்குது," என்றாள் அசியாங் கீழிருந்து. "கைய குடுங்கம்மா. டிவிய அப்புறம் எடுக்கலாம்."

கையைக் கொடுத்தாள் போனிங். டிவியையும் விடவில்லை.

தண்ணீர் ஏறுமுன் ஊரைவிட்டுப் போகாமல் நின்ற நாற்பத்து மூன்று பேரும் ஏறினார்கள். வீடு ஒரு சாண் இறங்கியது. யார் எங்கே உட்கார வேண்டும் என்று அசியாங்தான் சொன்னாள். எடை ஒரு பக்கம் சேர்ந்தால் வீடு கவிழும். குழந்தைகள் நடுவில். கிழவர்கள் அடுப்போரம். கபிதான் பருத்த மனிதர்.

"நீங்க பின்கட்டுல பன்னிகிட்ட உக்காருங்க."

"பன்னிகிட்டயா?"

"அந்த மூலைக் கட்டை பிதுங்கியிருக்கு கபிதான். எதிர்மூலையில கனம் வேணும். இருக்கறதுலயே நீங்களும் பன்னியும்தான் கனம்."

மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த கூட்டம் சிரித்தது. கபிதானும் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். வீட்டைத் தேவாலய மணிக்கூண்டிலும் இரண்டு மாமரங்களிலும் கட்டினார்கள்.

ஆறு நாள் அங்கேதான் எல்லோரும் இருந்தார்கள். அசியாங் சேகோ பனை மாவில் அடை தட்டிப் போட்டாள். ஏரிக்காரர்கள் விராலும் கெளுத்தியும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். போனிங் முதல் நாள் முழுக்க வாந்தி எடுத்தாள். இரண்டாம் நாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் மருமகளருகே வந்து குந்தி, "கத்தி இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டு, மீன் செதில் சீவ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"ராத்திரி நல்லாத் தூக்கம் வந்துச்சு, இண்டாய்."

"ஆட்டம் இருந்தாத்தான் தூக்கம் வரும்மா."

"ம்." ஒரு மீனை முடித்து அடுத்ததை எடுத்தாள். "என் தரையெல்லாம் சேறாயிருக்கும்."

"தண்ணி வடியட்டும். நான் வந்து தேய்ச்சுத் தர்றேன்."

"நீ தேய்க்க வேணாம். தேய்ச்ச வரைக்கும் போதும்."

நான்காம் நாள் மீட்புப் படகு ஒன்று அரிசியும் மருந்தும் கொண்டு வந்தது. இளவயசுச் சிப்பாய் ஒருவன் கையில் அட்டையோடு எழுந்து நின்று, "இந்தத் தெப்பத்துக்கு யாருங்க பொறுப்பு?" என்று கேட்டான். பழக்கதோஷத்தில் கபிதான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"நீங்க உக்காருங்க கபிதான், வீடு சாயுது," என்றாள் போனிங். பிறகு சிப்பாயின் பக்கம் திரும்பினாள். "தெப்பம் இல்ல தம்பி, வீடு. என் மருமகளோட வீடு. அதோ, அவதான். நாலு ஊரு தாண்டி, ரோட்டைத் தாண்டி, மரத்துக்கு மரம் கட்டி இழுத்துக்கிட்டு வந்தா. உங்க படகு இன்னைக்குத்தான் வருது, அவ வீடு எப்பவோ வந்துடுச்சு. எழுதிக்கோ."

"பேரு என்னங்கம்மா?"

"அனஸ்தாசியா மன்ஹிமனான்," என்றாள் போனிங், ஓர் எழுத்து விடாமல். மாமியாருக்குத் தன் முழுப் பெயர் தெரியும் என்பதே அசியாங்குக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் குனிந்து அடுப்பை ஊதினாள். புகை கண்ணில் பட்டதாகப் பிறகு மகளிடம் சொன்னாள்.

தண்ணீர் வடிந்தது. சான் இரெனியோவில் முழங்கால் சேறு. உயிர்ச்சேதம் ஒன்றுகூட இல்லை. அந்த வருஷமே கபிதான் ஏரிக்கு வந்து, ஆற்றோரம் இருக்கும் இருபது வீடுகளுக்கு அடியில் பீப்பாய் கட்டித் தர வேண்டும் என்று கேட்டார். தண்ணீர் வந்தால் எழும்பட்டும், போனால் இறங்கட்டும். அசியாங் போய் ஒவ்வொரு வீட்டையும் அளந்து, தூணுக்கு எவ்வளவு கயிறு என்று சொல்லிக் கொடுத்தாள். கபிதான் வீட்டுக் கயிறு குட்டை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினாள். அவரும் இரண்டு முறை மாற்றினார்.

மாகாணத் திருவிழாவில் அவளை மேடைக்கு அழைத்தார்கள். மணி கோத்த சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனாள். பேசச் சொன்னபோது, "கயிறு நல்லா இருந்துச்சு. இழுத்தவங்களும் நல்லா இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். கீழே கூட்டத்தில் இருந்த போனிங், பக்கத்திலிருந்தவர்களிடம் மிச்சத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு ஒரு மணி நேரம் ஆனது.

அந்தப் பயணத்தில் வீட்டின் கட்டைகள் தளர்ந்துவிட்டன. இரண்டு வருஷம் கழித்து அசியாங் புது வீடு கட்டினாள். இந்தத் தடவை பதினெட்டுக் கட்டைகள். போனிங் பாதி வருஷம் ஏரியில்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டதால் ஓர் அறை கூடுதல். கட்டை இழுக்க சான் இரெனியோவிலிருந்து பதினைந்து படகுகள் வந்தன. யாரும் கூப்பிடவில்லை, அவர்களாகவே வந்தார்கள். இரண்டு நாள் இழுத்து, அடுக்கி, பிரம்பால் இறுக்கி முடித்தார்கள். தாத்து மகுவாய் கோழி அறுத்து வழிபாடு முடித்தார். சோறு வெந்துகொண்டிருந்தது.

அசியாங் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் போனாள். எல்லோரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். தலை முடியில் பாசியோடு மேலே வந்தாள்.

"அஞ்சாவது கட்டை சரியில்ல. உள்ள பொத்தல் இருக்கு. அவுத்து மாத்தணும்."

பதினைந்து படகுக்காரர்களும் பிரம்பை அவிழ்க்க எழுந்தார்கள். கபிதான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி, முதல் ஆளாகத் தண்ணீரில் இறங்கினார்.